தார்ப்பாய்க்குள் வியர்த்த விறகு

சோதனை அன்று ஷெட்டில் இருந்தவர்கள் இவர்கள்.

எஞ்சின் பார்க்கிற அண்ணன் இருந்தார். பாறசாலைக்காரர். ஒரு காது கேட்காது. எஞ்சின் சத்தத்தில் போனது.

விறகு வெட்டுகிற அக்கா இருந்தாள். போனக்காட்டுத் தேயிலைத் தோட்டத்து லயத்தில், வரிசை வீட்டில், பிறந்தவள். என்னைவிட ஒரு வயதோ இரண்டு வயதோ மூப்பு.

ஆபீஸிலிருந்து வந்த மேடம் இருந்தார். கையில் ஃபைல், வாட்சைத் திரும்பத் திரும்பப் பார்க்கிற பழக்கம்.

வார்டு மெம்பர் இருந்தார். அவருக்கு அங்கே வேலை ஒன்றும் இல்லை. இருந்தாலும் இருந்தார்.

நான் இருந்தேன்.

என் வீட்டுக்காரி இல்லை. அவள் எர்ணாகுளத்தில் இருந்தாள். ஆனால் நான் எண்ணும்போது அவளையும் சேர்த்துத்தான் எண்ணுவேன். அதனால் எழுதுகிறேன்.

எங்கள் பிளான்ட் விதுரையைத் தாண்டி, மலை ஏறத் தொடங்குகிற இடத்தில் இருந்தது. முன்பு ரப்பர் ஷீட் உலர்த்திய புகைக்கூடம். அதன் சுவரை இடித்து அகலமாக்கி மிஷின் வைத்தார்கள். பிளான்ட் என்றால் பெரிதாக நினைக்க வேண்டாம். ஆள் உயரத்துக்கு இரண்டு மடங்கு நிற்கிற ஒரு இரும்பு டிரம், அதிலிருந்து போகிற குழாய்கள், கடைசியில் ஒரு எஞ்சின். விறகைச் சாண் நீளத்துக்கு வெட்டி டிரம்மின் வாயில் போடுவேன். முழுக்க எரிய விடக் கூடாது. காற்றைக் குறைத்து உள்ளே புழுங்க வைத்தால் ஒரு வாயு வரும். அந்த வாயுதான் எஞ்சினை ஓட்டும். எஞ்சின் கரண்ட் எடுக்கும். கீழே நாற்பது வீடு, ஒரு தண்ணீர் மோட்டார், ஒரு மாவு மில். மரம் விழுந்து லைன் போகிற ஊர் அது. லைன் போன நாளிலும் அந்த நாற்பது வீட்டில் விளக்கு எரியும்.

வாயு சரியாக வந்ததா என்று பார்க்கப் பக்கத்தில் ஒரு குழாய் உண்டு. அதன் முனையில் தீ காட்டுவேன். நீலமாக நின்று எரிந்தால் எஞ்சினுக்குத் திருப்பலாம். வெள்ளையாகப் புகைந்தால் விறகில் தண்ணீர் இருக்கிறது என்று அர்த்தம்.

விறகு காய்ந்ததா என்று பார்க்க மிஷின் வேண்டாம். இரண்டு துண்டை எடுத்து ஒன்றோடு ஒன்று தட்ட வேண்டும். காய்ந்தது என்றால் 'டங்' என்னும். ஈரம் என்றால் 'டொப்' என்னும். அவ்வளவுதான்.

ஒரு பழக்கம் சொல்ல வேண்டும். விறகு என் பொறுப்பு. எஞ்சின் அண்ணன் பொறுப்பு. நான் எஞ்சினில் ஒரு போல்ட்டைத் தொட மாட்டேன். அவர் விறகில் ஒரு துண்டை எடுத்துப் போட மாட்டார். ஆரம்பத்தில் ஒரு சண்டை வந்தது. அன்றிலிருந்து அப்படி. யாரும் எழுதி வைக்கவில்லை. ஆனால் மீறவும் இல்லை.

ராத்திரி மிஷினை நிறுத்தினதும் மீட்டரைப் பார்த்து நோட்டில் எழுதுகிற வேலையும் எனக்குத்தான். நான் நாலாம் வகுப்பு. எழுத்து தடுமாறும், எண் தடுமாறாது. திருவனந்தபுரம் ஆரியசாலையில் பலசரக்கு மண்டியில் சுமடு எடுத்த காலத்தில் மூட்டை எண்ணிப் பழகினது.

எழுதி முடித்து அவளுக்குப் போன் போடுவேன்.

அவள் எர்ணாகுளத்தில் ஹோம் நர்ஸ். படுக்கையில் கிடந்த ஒரு அம்மாவைப் பார்த்துக்கொண்டு அந்த வீட்டிலேயே தங்கியிருந்தாள். நான் பிளான்ட்டில் டிரம்முக்குப் பக்கத்தில் ஒரு பெஞ்சில் படுத்தேன். அவளும் லயத்துப் பெண்தான். அங்கே அவளுடைய வீட்டின் கூரை விழுந்த பிறகு எங்களுக்கு என்று ஒரு சுவர் கிடையாது. கல்யாணம் ஆகிப் பதினோரு வருஷத்தில் ஆறு வருஷம் அப்படிப் போனது.

போனில் பேச எங்கள் இரண்டு பேருக்கும் தெரியாது. சாப்பிட்டாயா என்று கேட்பேன். சாப்பிட்டேன் என்பாள். பிறகு சும்மா இருப்போம். ஒருநாள் பேச ஒன்றும் இல்லாமல், "இன்னைக்கு நூத்தி அறுபத்திரெண்டு யூனிட்" என்றேன்.

"அது கூடுதலா, கொறவா?"

"கூடுதல்."

"அப்ப நல்லாத்தான் இருக்கீங்க" என்றாள்.

அன்றிலிருந்து அதுதான் பேச்சு. போனை எடுத்ததும், "இன்னைக்கு எவ்வளவு?" என்பாள். நான் எண்ணைச் சொல்வேன். நூற்று அறுபது என்றால் சிரிப்பாள். நூற்று முப்பது என்றால், "மழையா?" என்பாள். தொண்ணூறு என்றால், "காய்ச்சலா?" என்பாள். ஒருமுறை எனக்கு உண்மையிலேயே காய்ச்சல். எண்ணிலிருந்தே கண்டுபிடித்துவிட்டாள். அதனால் ஒரு யூனிட்கூடக் கூட்டிச் சொன்னது இல்லை. கூட்டிச் சொன்னால் பிறகு பேச என்ன இருக்கிறது?

ஷெட்டுக்குப் பின்னால் ஒரு அறை இருந்தது. ஒரு ஜன்னல், ஒரு குழாய். ஆயில் டின் போட்டு வைத்திருந்தார்கள். பிளான்ட் நிரந்தரம் ஆனால் அது விறகுக்காரனுக்குக் குவார்ட்டர்ஸ் என்று பேப்பரில் இருந்தது. அதாவது எனக்கு. அவள் லீவில் வந்த ஒருநாள் அதைப் பார்த்தாள். டின்களுக்கு நடுவே காலடி வைத்து அளந்தாள். நீளம் ஒன்பது அடி, அகலம் எட்டு.

"கட்டில் இங்க போட்டா அடுப்பு அங்க. கண்ணாடி மாட்ட இங்க ஒரு ஆணி அடிச்சு வைங்க" என்றாள்.

"இன்னும் நமக்குத் தரலையே."

"ஆணிதானே? அடிச்சு வைங்க."

அடித்து வைத்தேன்.

பிறகு பிளான்ட்டை வைத்த ஆபீஸிலிருந்து சொல்லி அனுப்பினார்கள். ஒரு நாள் சோதனை. மேடம் வந்து உட்காருவார். காலை ஒன்பது முதல் மாலை ஐந்து வரை ஓட்ட வேண்டும். எட்டு மணி நேரத்தில் நூற்றைம்பது யூனிட் வந்தால் பிளான்ட் தொடரும். வராவிட்டால் மிஷினைக் கழற்றிக்கொண்டு போவார்கள்.

அவளிடம் சொன்னேன்.

"தெனம் நூத்தறுவது வருதே. பின்ன என்ன?" என்றாள். பிறகு, "நான் இங்க சொல்லிரவா? வேற ஆளப் பாத்துக்கங்கன்னு?"

"நூத்தம்பது வரட்டும்" என்றேன்.

சோதனைக்கு என்று ரப்பர் விறகு தனியாக அடுக்கினேன். கணு இல்லாத துண்டு, ஒரே பருமன். இரண்டு மாதம் காய்ந்தது. ஒவ்வொன்றையும் தட்டிப் பார்த்து அடுக்கினேன். சாயங்காலம் வெட்டு முடிந்ததும் அதன் முன்னால் போய் நிற்பேன். அக்கா கேலி செய்வாள்.

"தம்பி, அதுக்குப் பொட்டு வைக்கல, பூ வைக்கல. அது மட்டுந்தான் பாக்கி, கேட்டியா."

ஐப்பசி மாசம். அங்கே துலாவர்ஷம் என்பார்கள். காலையில் வெயில் கொளுத்தும். மத்தியானத்துக்கு மேல் இடியும் மழையும். விறகை மூடுவதற்கு ஒரு முறை உண்டு. மேலே மட்டும் தார்ப்பாய் போட வேண்டும். நாலு பக்கமும் திறந்திருக்க வேண்டும். காற்று ஓட வேண்டும். பக்கத்தையும் மூடிக் கட்டினால் வெயிலில் உள்ளே வேகும், விறகு வியர்க்கும். இது எனக்குத் தெரியாதது இல்லை.

சோதனைக்கு நாலு நாள் முன்பு அவள் போன் செய்தாள். அந்த அம்மாவை ஸ்கேன் எடுக்கத் திருவனந்தபுரம் கொண்டு வருகிறார்கள். தம்பானூரில் லாட்ஜில் தங்குகிறார்கள். நாளைக்கு ஒரு மணி நேரம் கிடைக்கும் என்றாள். பார்த்து ஐந்து மாதம் ஆகியிருந்தது.

அன்று சாயங்காலம் சாய்வாக மழை அடித்தது. அடுக்கின் ஓரம் நனைந்தது. எனக்குப் பொறுக்கவில்லை. நாலு பக்கமும் தார்ப்பாயை இறக்கி, கயிறு போட்டு இறுக்கிக் கட்டினேன். ஒரு சொட்டு உள்ளே போகாது. நாளைக்குப் போய்விட்டுச் சாயங்காலமே வந்து அவிழ்த்துவிடலாம் என்று கணக்கு. அக்கா, தன் மகள் வீட்டுக்குப் போயிருந்தாள். மறுநாள் அண்ணனிடம், "சாயங்காலம் வந்திருவேன்" என்று மட்டும் சொல்லி முதல் பஸ்ஸில் ஏறினேன். கயிற்றைப் பற்றிச் சொல்லவில்லை.

லாட்ஜ் வாசலில் நின்றேன். பத்து மணி, பன்னிரண்டு மணி, மூன்று மணி. ரயில் ஸ்டேஷனிலிருந்து ஆட்கள் வந்துகொண்டும் போய்க்கொண்டும் இருந்தார்கள். ஆட்டோக்காரர்கள், "எவிடயா சேட்டா போகண்டது?" என்று போகிற இடம் கேட்டுச் சலித்துவிட்டார்கள். மூன்றரைக்கு இரண்டாம் மாடி ஜன்னல் திறந்தது. அவள்தான். கையில் ஒரு துணி. அந்த அம்மாவுக்கு முடியவில்லை போல. கையை அசைத்தாள். பிறகு போன் வந்தது.

"ஏங்க, இன்னைக்கு விட மாட்டாங்க. நாளைக்குப் பத்து மணிக்கு அவங்க மக வந்திரும். ஒரு மணி நேரம் விடுவாங்க. இருக்கீங்களா?"

நான் அண்ணாந்து பார்த்துக்கொண்டே பேசினேன். அவள் குனிந்து பார்த்துக்கொண்டே பேசினாள்.

"இருக்கேன்" என்றேன்.

கட்டின கயிறு ஞாபகம் வந்தது. ஒரு நாளில் என்ன ஆகிவிடும் என்று நினைத்தேன். ஆரியசாலையில் பழைய மண்டியில் சாக்கு விரித்துப் படுத்தேன்.

மறுநாள் பத்து மணிக்கு இறங்கி வந்தாள். எதிரே டீக்கடையில் உட்கார்ந்தோம். இளைத்திருந்தாள். டீயை ஆற்றிக் குடித்தோம். பிறகு பையிலிருந்து ஒரு சின்னக் கண்ணாடி எடுத்துக் காட்டினாள். சிவப்புப் பிளாஸ்டிக் சட்டம்.

"ஆணிக்கு" என்றாள்.

"கொடு, கொண்டு போறேன்."

"வேண்டாம். நானே கொண்டு வந்து மாட்டுறேன்." பிறகு கேட்டாள்: "விறகு காஞ்சிருக்கா?"

"நல்லா மூடிக் கட்டி வச்சிட்டு வந்திருக்கேன்."

"அது போதும்" என்றாள்.

பதினொன்றுக்குப் போய்விட்டாள். நான் மத்தியானப் பஸ் பிடித்தேன். விதுரை தாண்டினதும் மழை. வழியில் மரம் விழுந்து கிடந்தது. பஸ்ஸைத் திருப்பிவிட்டார்கள். ராத்திரி விதுரை பஸ் ஸ்டாண்டில் இருந்துவிட்டு, விடிந்ததும் நடந்தே போனேன். போய்ச் சேரும்போது வெயில் ஏறியிருந்தது.

கயிறு நான் கட்டினபடியே இருந்தது. அவிழ்த்தேன். உள்ளிருந்து ஆவி வந்தது. துவைத்துக் காயாத துணியின் வாடை. தார்ப்பாயின் உள்பக்கம் முத்து முத்தாகத் தண்ணீர். நடுவில் கைவிட்டு இரண்டு துண்டு எடுத்தேன். மேலே வெள்ளையாகப் பூத்திருந்தது. தட்டினேன்.

டொப்.

அண்ணன் வாசலில் நின்று பார்த்தார்.

"ரெண்டு நாளும் இதத் தாண்டித்தானே போனிய?" என்றேன்.

"போனேன்."

"அவுத்துவிடக் கூடாதா அண்ணே?"

"அது நீ கட்டின கட்டுலே. நான் எப்படித் தொட?"

நியாயம்தான். நான் அவர் இடத்தில் இருந்தாலும் தொட்டிருக்க மாட்டேன்.

அன்று மத்தியானம் அக்கா வந்தாள். அடுக்கைப் பார்த்தாள். என்னைப் பார்த்தாள்.

"நல்ல ஆளுய்யா நீ. பொண்டாட்டியப் பாக்கப் போற சந்தோஷத்துல வெறகப் போர்த்தி ஒறங்க வச்சிட்டுப் போயிருக்க." சொல்லிவிட்டுச் சேலையை இழுத்துச் செருகிக்கொண்டு துண்டுகளைப் பரப்பத் தொடங்கினாள். எஞ்சின் புகைக் குழாய்ப் பக்கம் வைத்தோம். ஷெட் முழுக்கப் பரப்பினோம். அன்றாடத்துக்கு வைத்திருந்த விறகு அன்றைக்கு ஓட்டவே சரியாக இருந்தது. மூன்று மணிக்கு மழை வந்துவிட்டது. மேடத்துக்குப் போன் செய்து இரண்டு நாள் தள்ள முடியுமா என்று கேட்டேன்.

"டேட் மாற்றான் பற்றில்ல சேட்டா. பிளான்ட் ஓடுன்னுண்டல்லோ?"

தேதியை மாற்ற முடியாதாம். ஓடுகிறது என்றேன்.

மறுநாள் ஒன்பது மணி. மீட்டரில் 31,207. மேடம் குறித்துக்கொண்டார். ஷெட் சுவரில் பலகை வைத்து வரிசையாகப் பெரிய பல்புகள் மாட்டியிருந்தார்கள். பகலில் வீடுகளுக்குக் கரண்ட் அவ்வளவு வேண்டாம், அதனால் மிச்சத்தைப் பல்புகள் எரித்துக் காட்டும். பட்டப்பகலில் அத்தனை பல்பு எரிந்ததை மெம்பர் வேடிக்கை பார்த்தார்.

"அம்பலத்துல உற்சவம் போல உண்டு" என்றார்.

தீக் குழாயில் முதலில் வெள்ளைப் புகை. பிறகு மஞ்சள். நீலம் வர வெகுநேரம் ஆனது. முதல் மணி நேரம் பதினாலு யூனிட். இரண்டாவது பதினாறு. எஞ்சின் இருமத் தொடங்கியது. பல்புகள் மங்கின, ஏறின, மங்கின. பதினொன்றேகாலுக்கு எஞ்சின் நின்றது. வாயுவை வடிகட்டுகிற பெட்டி முழுக்கத் தார். விறகின் ஈரம் அப்படித்தான் வரும், கறுப்பாக, பிசினாக. அண்ணன் அதைக் கழற்றித் துடைக்க அரை மணி நேரம். மூன்றாவது மணிக்கு ஏழு யூனிட்.

பன்னிரண்டு மணிக்கு மொத்தம் முப்பத்தேழு.

அண்ணன் விரலைத் துடைத்துக்கொண்டே சொன்னார்: "இனி அஞ்சு மணிக்கூர். எஞ்சின் முக்கினாலும் மணிக்கு இருவத்திரெண்டு. நூத்திப்பத்து. மூணு கொறையும்."

அக்காவைக் காணோம். வெயிலுக்குப் போயிருப்பாள் என்று நினைத்தேன். கொஞ்ச நேரத்தில் லயப் பக்கத்திலிருந்து தலையில் சுமையோடு வந்தாள். அவளுக்குப் பின்னால் நாலைந்து பெண்கள், எல்லார் தலையிலும் சுமை. அவர்கள் வீட்டு அடுப்புக்கு மேல் பரணில் வைத்திருந்த விறகு. மாசக்கணக்கில் அடுப்புப் புகையில் காய்ந்தது, கரி பிடித்துக் கறுத்தது. கீழே போட்டபோதே மணி அடித்த மாதிரி ஒலித்தது. தட்டிப் பார்க்கவே வேண்டாம்.

"இதப் போடு" என்றாள்.

"நீங்க எதுல சமைப்பீங்க?"

"உன் ஈர வெறகுல. ஊதி ஊதிச் சாவுறோம். போடு!"

அவள் வெட்டினாள். நான் போட்டேன். தீ நீலமாக நின்றது. ஆனால் பழைய விறகு தீர்ந்து புது விறகு பிடிக்கிற வரை தாமதம். அந்த மணிக்கு இருபது. பிறகு இருபத்திரண்டு. இருபத்திரண்டு. இருபத்திரண்டு. யாரும் சாப்பிடவில்லை. மேடம் குடையை மடக்கி வைத்துவிட்டு மீட்டர் பக்கத்தில் ஸ்டூல் போட்டு உட்கார்ந்துவிட்டார். கடைசி மணி நேரத்தில் அண்ணன் எஞ்சினிடம் அதுவரை கேட்காததைக் கேட்டார். பல்பெல்லாம் வெள்ளையாக எரிந்தன. பெண்கள் வாசலில் நின்று கண் கூசப் பார்த்தார்கள்.

ஐந்து மணி.

மேடம் வாட்சைப் பார்த்தார். பிறகு எழுந்து, பேனாவை என்னிடம் தந்தார். தினமும் நோட்டு எழுதுகிறவன் நான் என்று அவருக்குத் தெரியும். தந்துவிட்டுத் திரும்பி, மெம்பரிடம் அந்த வழியில் யானை இறங்குமா என்று கேட்டார். மெம்பர் நீளமாகப் பதில் சொல்லத் தொடங்கினார்.

அண்ணன் என் காதில் சொன்னார். அவருக்குக் காது கேட்காததால் மெதுவாகப் பேசத் தெரியாது. எல்லாருக்கும் கேட்டது.

"நூத்தம்பதுன்னு எழுதுலே. நாலு யூனிட்டுதானே."

மேடம் திரும்பவில்லை. யானையைப் பற்றியே கேட்டுக்கொண்டிருந்தார்.

நான் பேனாவைப் பிடித்துக்கொண்டு நின்றேன். பின்னறை ஜன்னல் அங்கிருந்து தெரியும். ஆணியும் தெரியும். எழுதினால் முடிந்தது. சாயங்காலம் அவள், "எவ்வளவு?" என்று கேட்பாள். நூற்றைம்பது என்று சொல்ல வேண்டும். அதற்கு மறுநாளும் கேட்பாள். அப்போது சொல்கிற எண்ணை அவள் நம்புவாள். நான் நம்ப மாட்டேன்.

மீட்டரில் இருந்தது 31,353. அதை எழுதினேன். காலையில் எழுதினதைக் கழித்தேன். வந்ததைக் கீழே எழுதிக் கோடு போட்டேன்.

மேடம் நோட்டை வாங்கிப் பார்த்தார்.

"ஞான் ரிப்போர்ட்டில நல்லதாயி எழுதாம் சேட்டா. பட்சே…" என்றார். அந்த 'ஆனால்' என்றதோடு ஃபைலை மூடினார்.

அக்கா கோடாலியைச் சுவரில் சாய்த்தாள். "மண்டையன்" என்றாள். என்னைத்தான். பிறகு தண்ணீர் கொண்டு வந்து கொடுத்தாள்.

போன் போட்டேன். முதல் மணியிலேயே எடுத்தாள்.

"எவ்வளவு?"

"நூத்தி நாப்பத்தாறு."

அந்தப் பக்கம் அந்த அம்மா இருமுகிற சத்தம் கேட்டது. அவள் போனைக் கீழே வைத்துவிட்டுப் போய் என்னமோ செய்துவிட்டுத் திரும்பி வந்தாள்.

"மழையா?" என்றாள்.

"ஆமா" என்றேன்.

நான் அவளிடம் சொன்ன ஒரே பொய் அது. எண்ணில் சொல்லவில்லை. தார்ப்பாய் விஷயத்தை இன்றுவரை அவளுக்குச் சொல்லவில்லை. சொன்னால் அந்த மறுநாள் பத்து மணியை அவள் தன் தப்பு என்று எடுத்துக்கொள்வாள். அந்த ஒரு மணி நேரத்தைத் திருப்பிக் கொடு, நாலு யூனிட் தருகிறோம் என்று யாராவது சொன்னாலும் நான் கொடுக்க மாட்டேன். ஆனால் அதை நினைக்காத நாளும் இல்லை.

தை மாசம் லாரி வந்தது. டிரம்மையும் எஞ்சினையும் ஏற்றிக்கொண்டு போனார்கள். அண்ணன் கூடவே லாரியில் ஏறிப் போய்விட்டார். அறையைப் பூட்டினார்கள். ஆணியைப் பிடுங்கலாம் என்று போனேன். பிடுங்கவில்லை.

நான் திரும்ப ஆரியசாலைக்கே வந்துவிட்டேன். அதே மண்டி, அதே சுமடு. முதுகு முன்பு போல இல்லை. அந்த அம்மா இறந்துபோனார். அவள் அதே ஊரில் வேறு ஒரு வீட்டில், வேறு ஒரு அம்மாவைப் பார்க்கிறாள். கண்ணாடி அவள் பையில்தான் இருக்கிறது. முகம் பார்க்க எடுப்பாளாம். மாட்டவில்லை.

சாயங்காலம் கடை அடைத்ததும் போன் போடுகிறேன். மீட்டர் இல்லை, நோட்டு இல்லை. முதல் நாள் நான் சும்மா இருந்தேன். அவளும் சும்மா இருந்தாள். பிறகு அவளே பழையபடி, "இன்னைக்கு எவ்வளவு?" என்றாள். லாரியிலிருந்து இறக்கின மூட்டையைச் சொன்னேன். "அது கூடுதலா, கொறவா?" என்று கேட்டாள். இப்போது அவளுக்கு அதுவும் பழகிவிட்டது.

இதை எழுதி நிறுத்திவிட்டுப் போன் போட வேண்டும். கேட்பாள்.

எழுபத்தொன்பது.